வாதி எண் இருநூற்றுப் பதினாறின் முதுகு வலி

பிரதிவாதி எண் நாற்பத்தொன்று ஆகிய என் அருமைத் தம்பிக்கு,

வாதி எண் இருநூற்றுப் பதினாறு ஆகிய உன் அண்ணன் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முதுகைத் தவிர மற்ற அனைவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சௌக்கியம் என்பது எனக்கு அன்றாடம் தெரிந்துவிடுகிறது. நம் இரண்டு சங்கத்து வக்கீல்களும் ‘எதிர்த்தரப்பாரோடு பேச்சுவார்த்தை கூடாது’ என்று சுற்றறிக்கை விட்டது பைலட்டுகளுக்குத்தான். பைலட்டுகளின் மனைவிமாருக்கு விட மறந்துவிட்டார்கள். உன் அண்ணியும் உன் மனைவியும் இந்த மூன்று வருடமாகத் தினம் முக்கால் மணி நேரம் போனில் பேசுகிறார்கள். உன் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகுகிற செய்திவரை என் காதுக்கு வந்தாகிவிட்டது. (வாஷரை மட்டும் மாற்று. குழாய்க்காரன் முழுக் குழாயையும் மாற்றச் சொல்வான், ஏமாந்துவிடாதே.)

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற பன்னிரண்டாம் தேதி காலை விமானத்தில் நீ கேப்டன், நான் உனக்குக் கோ-பைலட். இதற்கு முன் இரண்டு தடவை நம்மை ஜோடி போட்டார்கள்; இரண்டு தடவையும் முதுகு வலி என்று லீவு சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவையும் சொன்னால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பி, இந்த ஆள் இனிமேல் வீட்டில் சாய்வு நாற்காலியை ஓட்டட்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதுகூடப் போகட்டும். ‘இந்தக் கோ-பைலட் எனக்கு வேண்டாம்’ என்று சொல்கிற உரிமை கேப்டனுக்கு உண்டு. நீ அதைச் சொல்லப்போகிறாய் என்று உங்கள் ஆட்கள் காபி மெஷினருகே பேசிக்கொண்டதை நான் ஒட்டுக்கேட்டேன். நீ அப்படிச் சொல்லிவிடக் கூடாது. இந்தக் கடிதம் அதற்குத்தான். போனில் சொல்லலாமே என்பாய். மூன்று வருடம் கழித்துப் பேசும்போது முதல் வார்த்தை என்னவாக இருக்க வேண்டும் என்று தெரியாமல் நாலு நாளாகப் போனைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வறையில் உன் பெயர் ஒட்டிய தபால் பெட்டியில் போடலாமே என்பாய். எங்கள் கம்பெனி நீல டைக்காரன் கையிலிருந்து உங்கள் கம்பெனி சிவப்பு டைக்காரன் பெட்டிக்கு ஒரு உறை போனால் சாயங்காலத்துக்குள் அதை ஆறு பேர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பார்கள். ஆகவே தபால்தலை ஒட்டி, கௌரவமாக அனுப்புகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேட்டுவிடு. எங்கள் கம்பெனி பெரியது, ஆனால் நேற்று முளைத்தது. உங்கள் கம்பெனி சின்னது, ஆனால் பழையது. இரண்டையும் முதலாளிகள் ஒன்றாக முடிச்சுப் போட்டபோது நம்மில் யார் மூத்தவர் என்ற கேள்வி வந்தது. நம் தொழிலில் மூப்பு என்பது வணக்கம் வாங்குவதற்கு மட்டும் இல்லையே. இடது பக்கக் கேப்டன் சீட்டா வலது பக்கக் கோ-பைலட் சீட்டா, எந்த மாதம் விடுமுறை, விடியற்காலை நாலு மணி டியூட்டி யார் தலையில் என்று எல்லாவற்றையும் அந்த லிஸ்ட்டில் இருக்கிற நம்பர்தானே முடிவு செய்கிறது. சேர்ந்த தேதிப்படி போடுங்கள் என்றார்கள் உங்கள் சிவப்பு டைக்காரர்கள். ஆள் கணக்குப்படி விகிதாசாரம் போட்டுக் கலந்து அடுக்குங்கள் என்றோம் நாங்கள். கோர்ட்டுக்குப் போனோம். மாற்றி மாற்றி இரண்டு தரப்பும் ஒன்றின் மேல் ஒன்று வழக்குப் போட்டதில், ஆயிரத்துச் சொச்சம் வளர்ந்த ஆண்பிள்ளை பெண்பிள்ளைகள், ஊரைச் சுற்றிப் பார்த்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே ஓய்வறையில் உட்கார ஆரம்பித்தோம்.

அந்த ஓய்வறை பட்ட பாடு! புதுக் கம்பெனி எல்லோருக்கும் பொதுவாகச் சாம்பல் நிற டை கொடுத்தது. அதை ஒருவரும் தொடவில்லை. ஒரு நாள் உன் அண்ணி அவசரத்தில் என் பெட்டியில் அதை வைத்துவிட, நானும் தூக்கக் கலக்கத்தில் கட்டிக்கொண்டு போய்விட்டேன். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. நான் கட்சி மாறிவிட்டேன் என்று எங்கள் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் உளவு பார்க்க வந்திருக்கிறேன் என்று உங்கள் ஆட்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். எட்டுப் பேர் உட்காருகிற சோபாவில் ஒரு வாரம் நான் தனியாகக் காலை நீட்டிப் படுத்தேன். பிறகு காபி மெஷின். எங்கள் மெஷின் பழுதாகிப் பதினோரு நாள். உங்கள் மெஷினிலிருந்து வருகிற வாசனையை எத்தனை நாள்தான் ஒரு மனுஷன் தாங்குவான்? அக்கம்பக்கம் பார்த்து ஒரு கோப்பை பிடித்துக்கொண்டு திரும்பினால் எங்கள் சங்கச் செயலாளர் நிற்கிறார். “என்ன கேப்டன் இது?” என்றார். “சாட்சியம் திரட்டுறேன்” என்றேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார் என்பதுதான் கொடுமை.

காக்பிட்டுக்குள் இன்னும் மோசம். போன வருஷம் உங்கள் ஆள் ஒருத்தர் எனக்குக் கோ-பைலட்டாக வந்தார். நல்ல ஜலதோஷம் அவருக்கு. மூன்று மணி நேரப் பயணம். செக்லிஸ்ட்டில் இல்லாத ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று இரண்டு பேருக்கும் சங்கத்தின் உத்தரவு. அவர் தும்முகிறார், நான் ஜன்னலைப் பார்க்கிறேன். மறுபடி தும்முகிறார். என்னால் பொறுக்க முடியவில்லை. சொன்னதை எதிராளி திருப்பிச் சொன்னால்தான் காதில் விழுந்ததாகக் கணக்கு என்கிற நம் வழக்கம் உனக்குத் தெரியுமே.

“கைக்குட்டை” என்றேன்.

“கைக்குட்டை” என்றார்.

“வலது பாக்கெட்.”

“வலது பாக்கெட்.”

அப்படியே இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நானே எடுத்து நீட்டினேன். “பெறப்பட்டது” என்றார். மறுநாள் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பழுப்பு உறையில் வைத்து, பெயர் போடாமல் என் தபால் பெட்டியில் போட்டிருந்தார். நல்ல மனுஷர். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இப்படியிருக்கையில் போன மாதம் தீர்ப்பு வந்தது. சேர்ந்த தேதிதான் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். லிஸ்ட்டைச் சுவரில் ஒட்டினார்கள். கண்ணாடியை மறந்துவிட்டுப் போனதால் முதலில் மேலே தேடினேன், பிறகு நடுவில் தேடினேன், பிறகு குனிந்து தேடினேன். நீ எண்பத்தெட்டு. நான் எழுநூற்று முப்பத்தொன்று. தோளில் கேப்டனுக்கு இருந்த நாலு பட்டை, கோ-பைலட்டின் மூன்று பட்டையாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கிறாள்.

“என்னடா, யாருடா ஜெயிச்சது?”

“தம்பி கட்சிதாம்மா. லிஸ்ட்ல அவன் எனக்கு மேல.”

“மேலன்னா?”

“அவன்தான் மூத்தவன்னு கோர்ட்டு சொல்லுது.”

“நல்லாருக்கே நியாயம்! ஆஸ்பத்திரியில வலியெடுத்துக் கிடந்தவ நான். எவன் முதல்ல வந்தான், எவன் அப்புறம் வந்தான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களாடா உங்க கோர்ட்டுல?”

அதற்குள் உன் அண்ணி அடுப்படியிலிருந்து, “இவர் ஃபிரிட்ஜ் வித்த வருஷத்தையும் சேர்த்துக்கிட்டா கொஞ்சம் மேல ஏறுவாரான்னு கேளுங்க அத்தை” என்றாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மூன்று பட்டைக்காரன் வேறென்ன செய்வான்.

அடுத்த வாரமே, யாருக்கு எந்த டியூட்டி என்று அட்டவணை போடுகிற நம் ரோஸ்டர்காரர் நம் இரண்டு பேரையும் ஒரே விமானத்தில் போட்டார். உடனே எனக்கு முதுகு வலி வந்தது. அந்த முதல் முதுகு வலி பொய் என்று இதன் மூலம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொய்க்குக்கூட ஒரு ராசி வேண்டும் தம்பி. அன்றைக்குப் பார்த்து எதிர்வீட்டுக்காரருக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. கொண்டுவந்த இரண்டு பேரும் அதை மாடிப்படியில் படுக்க வைத்து இழுத்தார்கள். விமானியாவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஃபிரிட்ஜ் கடையில் நின்றவன் நான். பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? “படுக்க வைக்காதீங்கய்யா, கம்ப்ரஸர் போயிடும்!” என்று கத்திக்கொண்டே இறங்கி, அடிப்பக்கத்தை நானே தோளில் ஏற்றிக்கொண்டேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில், மேலேயிருந்து பையும் கையுமாக ஒருவர் இறங்கி வருகிறார். நம் ரோஸ்டர்காரர். அவர் எங்கள் கட்டடத்தில் நாலாவது மாடி என்பது அந்த நிமிஷம்வரை எனக்கு நினைவில் இல்லை.

“முதுகு எப்படி இருக்கு கேப்டன்?” என்றார்.

“ஃபிரிட்ஜை இறக்கி வெச்சிட்டுச் சொல்றேன் சார்” என்றேன்.

அவர் சுவரோடு ஒட்டி நின்று எனக்கு வழிவிட்டார். அந்த மரியாதை எனக்கு ஃபிரிட்ஜைவிட அதிகமாகக் கனத்தது. மறுநாள் காலை எழுந்தால் நிஜமாகவே முதுகு பிடித்துவிட்டது. அந்த வாரமே மறுபடி நம்மை ஜோடி போட்டார்கள், மறுபடி லீவு. அந்த இரண்டாவது முதுகு வலி சத்தியமானது, டாக்டர் படம் எடுத்து வைத்திருக்கிறார், ஆனால் ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. உன் அண்ணி உன் மனைவியிடம் சொல்ல, உன் மனைவி உன்னிடம் சொல்ல, நீ சொன்னதாக ஒரே ஒரு வரி அதே வழியாகத் திரும்பி வந்தது: “மேல்பக்கத்தை இவர் பிடிக்கணும், கீழ்பக்கத்தை அவனுங்க பிடிக்கணும். இதுகூடத் தெரியாம பன்னிரண்டு வருஷம் என்னத்த வித்தாரு?” மூன்று வருடத்தில் என்னைப் பற்றி நீ சொன்ன முதல் வாக்கியம். உன் அண்ணியை அதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

சரி, முதல் முதுகு வலி ஏன் என்று சொல்ல வேண்டாமா? தம்பிக்குக் கீழே உட்கார அண்ணனுக்கு ரோஷம் என்று எங்கள் ஆட்கள் என் முதுகைத் தட்டினார்கள். (வலித்தது.) அப்படித்தான் நீயும் நினைத்திருப்பாய். ரோஷம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன், ஒரு அரை நாள் இருந்தது. அம்மா சிரித்ததும் போய்விட்டது. மிச்சம் இருந்தது வேறு.

வழக்கு தொடங்கிய புதிதில் எங்கள் வக்கீல் நாற்பது பக்கத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் கொண்டுவந்தார். மேஜையைச் சுற்றிப் பேனா வந்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று விளக்கு எரிந்து காட்டிய பிறகும் வாய்விட்டு ஒரு தடவை கேட்டு, பதிலை ஒரு தடவை வாங்குகிற தொழில் நம்முடையது. அப்படிப்பட்ட இருநூற்றுச் சொச்சம் பேரும் அந்த நாற்பது பக்கத்தில் ஒரு வரியைக்கூட வாசிக்காமல் கையெழுத்துப் போட்டோம். நான் இருநூற்றுப் பதினாறாவது ஆள். பிறகு ஒரு நாள் கோர்ட்டில் உங்கள் வக்கீல் அதை எடுத்து உரக்க வாசித்தார். பதினேழாவது பக்கம். ‘சிறிய நிறுவனத்து விமானிகளின் பயிற்சியும் அனுபவமும் எங்களுடையவற்றுக்கு ஈடானவை அல்ல.’ அதற்குக் கீழே இருந்த பெயர்களையும் வாசிக்கச் சொன்னார் நீதிபதி. நீ எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாய். என் பெயர் வரும்போது நீ திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். திரும்பவில்லை. உன் பின்கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முடி வெட்டி ஒரு வாரம் ஆகியிருக்கும்.

மறுவாரம் இன்னொன்று கேள்விப்பட்டேன். உங்கள் தரப்புப் பத்திரத்திலும் எங்களைப் பற்றி ‘பொத்தானை அமுக்க மட்டும் பழகியவர்கள்’ என்று ஒரு வரி இருந்ததாம். நீ ஒருத்தன்தான் அதை முழுக்க உட்கார்ந்து படித்தாயாம். அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, “எங்க அண்ணன் அந்தப் பக்கம் இருக்காரு, அவரைப் பத்தி எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாயாம். உங்கள் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு, உன் ஒருவனுக்காக எல்லாவற்றையும் மறுபடி டைப் அடித்தாராம். இதை எனக்குச் சொன்னவர் உன்னைத் திட்டுவதற்காகத்தான் சொன்னார்.

இருபது வருடத்துக்கும் முந்தைய கதை ஒன்று. எனக்கு முப்பத்துமூன்று வயது அப்போது. கழுத்துப் பட்டியும் சிரிப்புமாகக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நீ விமானியாகி ஆறு வருடம். ஒரு நாள் சாப்பிடும்போது, “நானும் பறக்கணும்டா” என்றேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நீ மட்டும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, “கணக்கு நல்லா வருமில்ல உனக்கு?” என்று கேட்டாய். அடுத்த வாரம் என் கடையிலிருந்து ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, பிரித்து, படுக்கையறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாய். அதில் காக்பிட் முழுவதையும், ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு விசையும் அளவு பிசகாமல், கறுப்பு மையால் வரைந்தாய். முன்னால் இரண்டு சாப்பாட்டு நாற்காலி. இடது நாற்காலியில் நீ, வலது நாற்காலியில் நான். டியூட்டி முடிந்து கண் சிவக்க வருவாய், சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து, “எஞ்சின்ல தீ” என்பாய். நான் பதறி, அட்டையில் கையை ஓங்கிக் குத்தி ஓட்டை போட்டுவிடுவேன். “முதல்ல மூச்சு விடுண்ணே. தீ எங்கயும் ஓடிப் போகாது. நீ மெதுவா யோசி” என்பாய். பதினான்கு மாதம் அப்படி. பத்தொன்பது வருடமாக, ஒவ்வொரு தடவை விமானம் தரையை விட்டு எழும்பும்போதும் நான் முதலில் மூச்சு விடுகிறேன். பதினேழாவது பக்கத்தில் நான் ஈடில்லை என்று கையெழுத்துப் போட்ட பயிற்சி அதுதான் தம்பி. என்னிடம் வேறு பயிற்சி கிடையாது.

இதை வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் எப்படி வந்து உட்காருவது? அதனால்தான் முதுகு வலித்தது.

ஆனால் பன்னிரண்டாம் தேதி வருகிறேன். வழக்கப்படி கோ-பைலட் முதலில் வந்து காகிதங்களை எடுத்து வைக்க வேண்டும், வைத்திருப்பேன். மழையானாலும் விமானத்தைச் சுற்றிவந்து டயரைப் பார்ப்பது கோ-பைலட் வேலை, பார்த்திருப்பேன். உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று மட்டும் ஒரு வார்த்தை உன் மனைவி மூலமாகச் சொல்லி அனுப்பிவிடு. ‘கேப்டன்’ என்று சொல்லிக் கண்ணாடி முன்னால் பழகியிருக்கிறேன். உன் அண்ணி பார்த்துவிட்டு, “யார்கிட்ட பேசுறீங்க, பல் வலியா?” என்றாள். என்னோடு நீ பேச வேண்டும் என்றுகூட இல்லை. செக்லிஸ்ட் மட்டும் வாசித்தால் போதும், நான் சரியாகத் திருப்பிச் சொல்கிறேன். அந்த வரியை நான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது தப்பு. கோர்ட்டில் அதைக் காதால் கேட்ட பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. இந்தக் கோ-பைலட் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

குழந்தைகள் இருவருக்கும் என் முத்தங்கள். உன் மனைவிக்கு என் ஆசிகள். போனைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடச் சொல். அம்மா உனக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள், காரணம் கேட்டால் திட்டுகிறாள். அண்ணன் என்ற முறையில் உனக்கு என் ஆசீர்வாதம். எழுநூற்று முப்பத்தொன்று என்ற முறையில் எண்பத்தெட்டுக்கு என் வணக்கம். இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் சங்கத்திலிருந்து செய்தி. மேல்கோர்ட்டு தீர்ப்புக்குத் தடை கொடுத்துவிட்டதாம். புது லிஸ்ட் செல்லாது, மறு உத்தரவுவரை எல்லாம் பழையபடி. நானும் கேப்டன், நீயும் கேப்டன். எங்கள் ஆட்கள் ஓய்வறையில் இனிப்பு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கேப்டன்களை ஒரே விமானத்தில் போட வேண்டிய அவசியம் ரோஸ்டர்காரருக்கு இல்லையே, நம்மைப் பிரித்துவிடுவாரே என்று செருப்புக்கூடப் போடாமல் நாலாவது மாடிக்கு ஓடினேன்.

“சார், பன்னிரண்டாம் தேதி ஜோடியை மாத்திடாதீங்க. நான் பட்டையைப் பத்திக் கவலைப்படல. வலது பக்கமே உட்கார்ந்துக்கறேன், தம்பி இடது பக்கம் இருக்கட்டும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “பத்து நிமிஷம் முன்னாடி உங்க தம்பி போன் பண்ணாரு. அவரும் ஜோடியை மாத்த வேண்டாம்னுதான் சொன்னாரு.”

“அப்புறம் என்ன சார்?”

“அண்ணன் இடது பக்கம் உட்காரட்டும், நான் வலது பக்கம் உட்கார்ந்துக்கறேன்னாரு. ரெண்டு பேரும் வலது பக்கமே உட்கார்ந்தா பிளேனை யாரு சார் ஓட்டுறது? நானா? முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான்தான் பேசச் சொன்னேன்னு வக்கீலுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

இதோ கீழே வந்து உட்கார்ந்துவிட்டேன். போன் எதிரே இருக்கிறது. இதை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு வந்து கூப்பிடுகிறேன். இது உன் கைக்குக் கிடைக்கும்போது நாம் பேசி முடித்திருப்போம். நிச்சயமாக நான் ஏதாவது கேலி பேசிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன், குழாயைப் பற்றியே அரை மணி நேரம் பேசிவிட்டு வைத்திருப்பேன். அதை மறந்துவிடு. நான் சொல்ல நினைத்தது இதில் இருக்கிறது, இதை வைத்துக்கொள்.